புதருக்கு இருபது ஆண்டு கொடுங்கள்

பிரேசிலின் பாரா மாநிலத்தில் பாரகோமினாஸ் என்றொரு ஊர். பெலெம் நகரத்தையும் தலைநகர் பிரசீலியாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை வந்தபின், 1960களிலிருந்து அங்கே அமேசான் காட்டை வெட்டி, எரித்து, மாட்டுக்குப் புல் விதைத்தார்கள். அந்தச் செழிப்பு சில ஆண்டுகள்தான் நீடித்தது. சாம்பல் தந்த உரம் தீர்ந்தது, புல் மெலிந்தது, களை ஏறியது. பண்ணைக்காரர்கள் பல இடங்களை அப்படியே போட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள்.

அப்படி விட்டுப்போன புல்வெளிகளில் அங்கங்கே ஒரு புதர் நிற்கும். நம் ஊர் நறுவிலியின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் மரமாக உயராமல் படர்ந்து கிடப்பது. சின்னச் சின்னப் பழங்கள் காய்க்கும். பழம் தின்னப் பறவை வருகிறது. சுற்றிலும் வெட்டவெளி, உட்கார வேறு கிளை கிடையாது. அதனால் இங்கேயே உட்கார்ந்து, காட்டோரத்தில் முன்பே தின்றிருந்த வேறொரு பழத்தின் விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகிறது. புதருக்கு அடியில் வெயில் குறைவு என்பதால் புல் நெருக்குவதில்லை. சருகு மக்கி மண்ணிலும் சத்து சேர்ந்திருக்கிறது. விதை முளைக்கிறது. இந்தப் புதருக்கு அடியில் விழும் விதைகள் பக்கத்துப் புல்தரையில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1994இல் வெளியான ஆய்வொன்று எண்ணிக் காட்டியது. புல்லில் விழுகிற கொஞ்ச விதையையும் எறும்பும் எலியும் விட்டுவைப்பதில்லை.

பண்ணைக்காரர் அந்தப் புதரைக் கண்டால் கத்தியைத்தான் தேடுவார். என்னைக் கேட்டால், அந்த வெளி முழுவதிலும் விலை சொல்ல முடியாத பொருள் அந்தப் புதர்தான்.

மழைக்காட்டை ஒருமுறை அழித்தால் அழித்ததுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. உழுதவரும் மேய்த்தவரும் விலகிக்கொண்டால், பெரும்பாலான இடங்களில் காடு தானே திரும்புகிறது. ஆனால் அது காடாகத் திரும்புவதில்லை; முதலில் புதராக, முள்ளும் கொடியும் மண்டிய தரிசாகத்தான் வருகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது பாழ். பிரேசில்காரர்கள் இதைக் கப்போயெய்ரா என்பார்கள். பழங்குடி மக்களின் டூப்பி மொழியிலிருந்து வந்த சொல் அது. 'காடாக இருந்தது' என்று பொருள். 'காடாகப் போவது' என்றும் அதற்கு இன்னொரு பெயர் இருந்திருக்கலாம். இந்தப் புதர்ப் பருவத்தைத்தான் நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, அந்தப் பருவத்திலேயே அதை வெட்டியும் விடுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஒரு நிலத்தில் மரம் மறுபடி வருவதற்கு மூன்று வழிதான். வெட்டிய கட்டையும் அறுந்த வேரும் துளிர்ப்பது முதல் வழி. கரும்பில் மறுதாம்பு விடுவதைப்போல. மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் விதை வெயில் பட்டதும் விழித்துக்கொள்வது இரண்டாவது. காற்றோ பறவையோ வௌவாலோ வெளியிலிருந்து விதை கொண்டுவருவது மூன்றாவது. மலைச்சரிவில் காடெரித்து ஓரிரு ஆண்டு புனம் போட்டு விட்டுப்போகும் நிலத்தில் மூன்று வழியும் திறந்தே இருக்கும்: கட்டைகள் உயிரோடு இருக்கும், மண்ணில் விதை இருக்கும், நாலாபுறமும் காடு நிற்கும். அதனால்தான் புனக்காடுகள் அத்தனை விரைவாக மூடிக்கொள்கின்றன. மேய்ச்சல் நிலத்தின் கதை வேறு. ஆண்டாண்டாகத் தீ வைப்பதில் கட்டைகள் செத்துப்போகும். மண்ணில் மர விதைக்குப் பதில் புல் விதையும் களை விதையும் நிறையும். மாட்டுக் குளம்பு பட்டு மண் இறுகும். காடும் தொலைவுக்குப் போயிருக்கும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அதே பாரகோமினாஸில் கிறிஸ்டோபர் ஊல் என்பவரும் கூட்டாளிகளும் அளந்து 1988இல் வெளியிட்டார்கள். லேசாகப் பயன்படுத்தி விட்ட மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பத்து டன் அளவுக்குத் தாவர எடை கூடியது. நடுத்தரமாகப் பயன்படுத்தியதில் ஐந்து டன். இயந்திரம் விட்டுத் துப்புரவாக்கி, மறுபடி மறுபடி புல் விதைத்துக் கசக்கிய நிலத்தில் 0.6 டன். ஒரே ஊர், ஒரே மழை. அப்படியிருந்தும் பதினாறு மடங்கு வேறுபாடு. அந்தக் கடைசி வகை நிலம் பரப்பில் குறைவு என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். பெரும்பகுதி நிலத்தில் காட்டுக்கு வழி இன்னும் அடைபடவில்லை.

நிலத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்பது வேகத்தை மட்டுமல்ல, எந்தக் காடு வரும் என்பதையும் முடிவு செய்கிறது. அமேசான் நடுவில் உள்ள மனாவுஸ் நகருக்கு வடக்கே இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காட்டை வெட்டிவிட்டு எரிக்காமல் விட்ட இடங்களில் செக்ரோப்பியா என்ற மரம் எழுந்தது. குடை விரித்தாற்போலப் பெரிய இலை, உள்ளே கூடான தண்டு, ஆண்டுக்கு ஓரிரு மீட்டர் உயரும் அவசரம். வௌவால்களுக்கு இதன் பழம் உயிர். கிளையில் உட்கார்ந்து எச்சமிடும் பறவைபோல் அல்ல வௌவால். பறக்கும்போதே போட்டுக்கொண்டு போகும். அதனால் வெட்டவெளிக்கும் விதை வந்துவிடுகிறது. செக்ரோப்பியா தன் நிழலில் தன் கன்றையே வளர விடாது; அதன் கீழே நிழல் தாங்கும் வேறு இன மரங்கள் ஏறிவரும். சில பத்தாண்டுகளில் அது சாய்ந்து இடம் கொடுத்துவிடும். அதே மனாவுஸ் பக்கத்தில், புல் போட்டுத் திரும்பத் திரும்ப எரித்த நிலங்களில் விஸ்மியா என்ற இன்னொரு மரம் பிடித்துக்கொண்டது. எரித்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும் பிறவி அது. அதன் அடியிலும் பெரும்பாலும் விஸ்மியாவே முளைக்கிறது. ஒரே காட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டு நிலம், இடையில் புல்லும் தீயும் வந்த ஒரே வித்தியாசம், பல பத்தாண்டு கழித்தும் இரண்டும் இரண்டு காடுகள்.

ஒரு தீவு முழுவதுமே இப்படிக் காடாகத் திரும்பியதைப் பார்க்க வேண்டுமென்றால் கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோவுக்குப் போக வேண்டும். ஸ்பானியர் காலத்தில் மலைகளில் காப்பி, 1898இல் அமெரிக்கா கைப்பற்றியபின் சமவெளியில் கரும்பு, மீதியில் மேய்ச்சல் என்று தீவு சுரண்டப்பட்டது. 1940களில் தீவின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் காடு இல்லை. பிறகு ஆலைகள் வந்தன. மக்கள் மலையை விட்டு நகரத்துக்கு இறங்கினார்கள். 1950களில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவையே விட்டு நியூயார்க் போன்ற நகரங்களுக்குப் போனார்கள். காப்பித் தோட்டமும் மேய்ச்சலும் ஆளில்லாமல் கிடந்தன. இன்று தீவில் பாதிக்கு மேல் மரம் மூடியிருக்கிறது. பெரும்பகுதியை யாரும் நடவில்லை. இதில் ஒரு கசப்பும் இருக்கிறது: தீவின் உணவில் பெரும்பகுதி இப்போது கப்பலில் வருகிறது. அதை விளைவிக்கும் நிலம் வேறெங்கோ இருக்கிறது. அங்கே ஒரு காடு வெட்டப்பட்டதா என்று கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

மிட்செல் எய்ட் முதலிய ஆய்வாளர்கள் தீவெங்கும் கைவிட்ட மேய்ச்சல் நிலங்களை வயது வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். முதல் பத்தாண்டு ஏமாற்றம்தான். புல்லும் பெரணியும் தவிர அதிகம் எதுவும் தெரியவில்லை. நம்பிக்கை இழந்து திரும்பிப் போக வேண்டிய பருவம் அது. அதற்குப்பின் மரங்கள் கிடுகிடுவென ஏறின. ஏறக்குறைய நாற்பது ஆண்டில் மரங்களின் அடர்த்தியும் பருமனும் இனங்களின் எண்ணிக்கையும் பழைய காட்டை எட்டிவிட்டன. எண்ணிக்கையைத்தான் எட்டின என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தெந்த இனம் என்று பார்த்தால் காடு வேறாக இருந்தது.

காப்பித் தோட்டங்களின் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கத் தக்கது. காப்பிக்கு நிழல் வேண்டுமென்று விவசாயிகள் இங்கா போன்ற மரங்களை நட்டிருந்தார்கள். தோட்டம் கைவிடப்பட்ட அன்றே அங்கே கூரை இருந்தது, நிழல் இருந்தது, பறவை உட்காரக் கிளை இருந்தது. மேய்ச்சல் நிலம் பத்தாண்டு தவித்த இடத்தில் இது முதல் நாளே பாதி வழி வந்துவிட்டது. ஆனால் நட்ட கை போன பிறகும் அதன் தேர்வு போகவில்லை. காப்பிக் காடு பல பத்தாண்டு கழித்தும் காப்பிக் காடாகவே அடையாளம் தெரிகிறது. தீவின் கிழக்கே எல் யூன்கே மலைக்காட்டில் 16 ஹெக்டேர் ஆய்வு நிலம் ஒன்று இருக்கிறது. 1936இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் அதன் எந்தப் பகுதி அடர்ந்திருந்தது, எது வெட்டுப்பட்டு வெளிறியிருந்தது என்று தெரிகிறது. அறுபது ஆண்டுக்குப் பின் தரையில் மரம் மரமாக எண்ணியபோது அந்தப் பழைய படத்தின் எல்லைகள் அப்படியே எழுந்துவந்தன. இடையே 1989இல் ஹியூகோ என்ற பெரும்புயல் அதே காட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. புயல் கலைக்காத எல்லைக்கோட்டை மனிதன் ஒரு காலத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

போர்ட்டோ ரிக்கோவின் கைவிட்ட நிலங்களில் இன்று அதிகம் கண்ணில் படும் மரம் அந்தத் தீவுக்கே உரியதல்ல. வால்பாறையிலும் கண்டியிலும் சாலையோரம் உச்சியில் தீப்பிடித்தாற்போல் சிவப்பாகப் பூக்குமே, ஆப்பிரிக்கன் துலிப், அந்த மரம்தான். அதன் மொட்டைப் பறித்து அமுக்கித் தண்ணீர் பீய்ச்சி விளையாடாத மலைநாட்டுப் பிள்ளைகள் குறைவு. அழகுக்காகக் கொண்டுவந்த அந்த மரம் காற்றில் மிதக்கும் மெல்லிய இறகு விதையை ஆயிரக்கணக்கில் தூவி, பறவை வராத வெறும் நிலத்தில் முதல் ஆளாகப் போய் நிற்கும். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் இனங்கள் என்ற பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. அயல் மரம், பிடுங்கி எறி என்பதுதான் நம் முதல் எண்ணம். ஏரியல் லூகோ என்ற போர்ட்டோ ரிக்கோ வனவியலாளர் நிதானமாக வேறொன்றைக் காட்டினார். வேறெதுவும் முளைக்க மறுத்த நிலத்தில் இந்த மரம் நிழல் போடுகிறது. அந்த நிழலில் அதன் கன்றுகள் பிழைப்பதில்லை. தீவின் சொந்த மரக்கன்றுகள் பிழைக்கின்றன. பழைய காடு அப்படியே வரவில்லை. அயலும் சொந்தமும் கலந்த, முன்பு எங்கும் இருந்திராத ஒரு காடு வருகிறது. இதை எல்லா இடத்துக்கும் பொதுவிதியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நல்ல காட்டை ஒட்டி இந்த மரத்தை நடுவது தவறுதான். செத்த நிலத்தில் அது தானாக வந்து நிற்கும்போது கோடாலியை எடுக்குமுன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கரீபியப் பகுதிக்கு ஆப்பிரிக்க மரம் போனதுபோல, கரீபியன் பைன் மரம் இலங்கைக்கு வந்தது. சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில், வெட்டிப் புனம் போட்டு விட்டுப்போன சரிவுகளில் கெக்கில்ல என்று சிங்களத்தில் சொல்லும் பெரணி கம்பளம்போல் மண்டிக் கிடந்தது. அது மண்டிவிட்டால் மரக்கன்று எதுவும் தலைகாட்ட முடியாது. காய்ந்தால் தீயும் எளிதில் பிடிக்கும். 1970களின் கடைசியில் வனத்துறை அங்கே பைன் நட்டது. மழைக்காட்டை நேசிப்பவர்கள் நொந்துகொண்டார்கள். ஆனால் பைன் வளர்ந்து நிழல் விழுந்ததும் பெரணி ஒடுங்கியது, காட்டை ஒட்டிய வரிசைகளில் சொந்த மரக்கன்றுகள் தாமாகவே முளைத்தன. பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக இருவரும் பீட்டர் ஆஷ்டன், மார்க் ஆஷ்டன் ஆகியோரோடு சேர்ந்து செய்த சோதனைகளில் பைன் வரிசைகளில் மூன்றை எடுத்து இடைவெளி விட்டு, அங்கே மழைக்காட்டுக்கே உரிய மரங்களை நட்டார்கள், நன்றாகவே வந்தன. நட வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. ஆசிய மழைக்காட்டின் பெருமரங்கள் பலவற்றின் விதை கனமானது. தாய்மரத்துக்கு அருகிலேயே விழும், விழுந்த சில நாளில் முளைக்காவிட்டால் செத்துவிடும். மண்ணில் உறங்கத் தெரியாத, பறவை தூக்க முடியாத அந்த விதைகளுக்குக் கைவிட்ட நிலத்தின் நடுப்பகுதி எட்டாத ஊர்.

எத்தனை ஆண்டில் எது திரும்பும் என்பதற்கு இன்று ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. லூரென்ஸ் போர்ட்டர் தலைமையில் பெருங்கூட்டமாக ஆய்வாளர்கள் வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில், 2,275 நிலத்துண்டுகளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். மண் முதலில் தேறுகிறது, பத்தாண்டுக்குள். மரங்கள் இயங்கும் விதம், அதாவது இலையின் தன்மை, கட்டையின் அடர்த்தி போன்றவை இருபத்தைந்து ஆண்டுக்குள். காட்டின் அமைப்பு, உயரமும் பருமனும் கலந்து நிற்கும் அந்தத் தோற்றம், 25 முதல் 60 ஆண்டில். இனங்களின் எண்ணிக்கை சுமார் 60 ஆண்டில். மொத்த எடையும், இன்னின்ன இனம் இன்னின்ன அளவில் என்ற கலவையும் 120 ஆண்டையும் தாண்டி. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் இருபது ஆண்டில் பழைய காட்டின் 78 சதவீதத்தை எட்டிவிடுகிறது. இது மிதமாகப் பயன்படுத்திய நிலங்களின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது; கசக்கிப் பிழிந்த நிலத்துக்குப் பொருந்தாது.

78 என்று கேட்டதும் மகிழ்ச்சி வருகிறது, வரட்டும். ஆனால் சராசரிக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2019இல் டனாயே ரோசெண்டால் முதலியோர் அமெரிக்கக் கண்டத்து மறுவளர் காடுகளில் இனங்களை மட்டும் எண்ணினார்கள். இருபது ஆண்டில் பழைய காட்டின் இன எண்ணிக்கையில் 80 சதவீதம் வந்துவிட்டது. அதே இனங்கள்தானா என்று ஒப்பிட்டபோது ஒற்றுமை 34 சதவீதம்தான். வீட்டில் ஆள் கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் புதியவர்கள்.

மண் அத்தனை விரைவில் தேறுவதன் பின்னால் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. அவரை, துவரை பிறந்த அதே பயறுக் குடும்பம். பனாமா கால்வாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் விட்டுப்போன மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வேர்முடிச்சில் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் மரங்கள், முதல் பன்னிரண்டு ஆண்டில் ஹெக்டேருக்கு ஐம்பதாயிரம் கிலோ கார்பன் சேர்வதற்குத் தேவைப்பட்ட நைட்ரஜனில் பாதிக்கும் மேல் கொடுத்திருந்தன. மண்ணில் போதிய நைட்ரஜன் சேர்ந்த பழைய காட்டில் அதே மரங்கள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. உரமிட யாருமற்ற நிலத்துக்கு உரம் வரும் வழி இது. காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சுவதிலும் இளங்காடுதான் முந்தி: அமெரிக்க வெப்பமண்டலத்தில் இருபது வயதுக் காடு ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் மூன்று டன் கார்பன் சேர்க்கிறது. இது முதிர்ந்த காடு சேர்ப்பதைப்போல் பதினொரு மடங்கு.

முதிர்ந்த காட்டுக்கு ஈடு இது என்று எடுத்துக்கொண்டால் பெரும் பிழை. போர்ட்டோ ரிக்கோவின் பச்சைக்கிளி அதற்குச் சாட்சி. தீவில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் திரிந்த அந்தக் கிளி 1975இல் காட்டில் பதின்மூன்றாகச் சுருங்கியது. அதன் பின் காடு தீவெங்கும் விரிந்துகொண்டேதான் வந்தது; கிளிக்குக் கூடு கிடைக்கவில்லை. முட்டையிட அதற்கு ஆழமான பொந்து வேண்டும். பொந்து விழுவதற்கு மரம் பருத்து, கிளை முறிந்து, உள்ளே உளுத்துப்போக வேண்டும். நாற்பது வயதுக் காட்டில் மரம் உண்டு, முதுமை இல்லை. ஆய்வாளர்கள் பொந்துகளைச் சீர்செய்து, செயற்கைக் கூடுகளும் பொருத்தித்தான் அந்த இனத்தைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இத்தனை வேலையும் நடக்க நிலத்துக்குத் தேவை காலம். அதைத்தான் நாம் கொடுப்பதில்லை. கோஸ்டா ரிக்காவின் தெற்கே கோட்டோ புரூஸ் என்ற மலைப்பகுதியில் விமானப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. மேய்ச்சலும் காப்பியும் இருந்த இடத்தில் முளைத்த இளங்காடுகளில் பாதி, இருபது ஆண்டுக்குள் மறுபடி வெட்டப்பட்டுவிட்டன. 54 ஆண்டுக்குள் 85 சதவீதம் போய்விட்டது. இழந்த காட்டை மீட்டதற்காக உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் நாட்டில்தான் இந்த நிலை.

ஒரு காரணம் சட்டத்தின் வரிகளிலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கோஸ்டா ரிக்க வனச் சட்டம் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. நல்ல சட்டம், நாட்டின் காடு மீண்டதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் காடு என்றால் எது? இரண்டு ஹெக்டேராவது இருக்க வேண்டும், எழுபது சதவீதத்துக்கு மேல் மரக்கூரை மூடியிருக்க வேண்டும், பதினைந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரம் ஹெக்டேருக்கு அறுபதுக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தது காடல்ல. சின்னப் புதரை அந்த ஊரில் சர்ரால் என்பார்கள், கொஞ்சம் மரம் ஏறியதைத் தாகோதால் என்பார்கள். நிலம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? மரம் பருத்து எல்லையைத் தாண்டிவிட்டால் பிறகு கைவைக்க முடியாது. அதனால் தாகோதாலாக இருக்கும்போதே சில ஆண்டுக்கொருமுறை துப்புரவாக்கிவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. கெட்ட எண்ணத்தால் அல்ல. மகளின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ நிலத்தை என்றைக்காவது விற்க வேண்டியிருக்கலாம் என்ற எண்ணத்தால். தானாக முளைக்கும் நிலத்துக்கும் அரசு பணம் கொடுக்கும் பிரிவு ஒன்று பின்னாளில் சேர்க்கப்பட்டது. மாடு தரும் வருமானத்துக்கு அது ஈடாக இருந்தால்தான் புதர் பிழைக்கும்.

அதே கோட்டோ புரூஸில் கேரன் ஹோலும் ரக்கான் சகாவியும் 2004 முதல் ஒரு சோதனை நடத்திவருகிறார்கள். பழைய மேய்ச்சல் நிலம் முழுக்க நடாமல், அங்கங்கே தீவு தீவாகக் கொஞ்சம் மரங்களை மட்டும் நட்டார்கள்: நம் கல்யாண முருங்கையின் உறவான ஒரு மரம், இங்கா, இன்னும் இரண்டு. மீதியை விட்டுவிட்டார்கள். பறவை அந்தத் தீவுகளில் வந்து உட்கார்ந்தது, தீவுகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. செலவு முழு நடவைவிடக் குறைவு. வந்து சேர்ந்த மரக்கன்றுகள் ஏறக்குறைய சமம். பாரகோமினாஸின் அந்த ஒற்றைப் புதர் தானாகச் செய்ததை இங்கே மனிதக் கை தொடங்கிவைத்திருக்கிறது.

2024இல் வெளியான கணக்கொன்றின்படி, வெப்பமண்டலத்தில் ஏறக்குறைய 21.5 கோடி ஹெக்டேர் நிலம் இப்படித் தானாகக் காடாக மாறும் வாய்ப்புள்ளது. அதில் பாதிக்கும் மேல் பிரேசில், இந்தோனேசியா, சீனா, மெக்சிகோ, கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளில். அந்த நிலத்தில் பெரும்பகுதிக்கு நாற்றங்காலும் குழிவெட்டும் வேண்டாம். கோட்டோ புரூஸில் இருபதாம் ஆண்டில் வாள் இறங்கிய இளங்காடுகளை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். மேலே வேகமாக வளர்ந்த மெல்லிய மரங்கள் கூரை போட்டு முடித்திருக்கும். கீழே, மங்கிய ஒளியில், பறவையும் வௌவாலும் எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய காட்டின் கன்றுகள் முழங்கால் உயரத்தில் நின்றிருக்கும்.